அழுவது ஒருவர், அர்த்தம் சொல்வது ஊர்

வாசகர் கேள்வி – பதில்

அழுகிறவரைப் பார்த்தால் நம் மனம் என்ன கணக்குப் போடுகிறது, நாம் அழுதால் மற்றவர்கள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு எங்கள் உளவியல் ஆலோசகர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

அப்ரைசல் மீட்டிங்கில் மேலாளர் என் வேலையைக் குறை சொன்னபோது கண் கலங்கிவிட்டது. “சாரி சார், நான் கொஞ்சம் எமோஷனல் டைப்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதன்பிறகு முக்கியமான பிராஜெக்ட் எதுவும் என்னிடம் வரவில்லை. அழுததுதான் காரணமா?
– வாசகி, கோவை

அழுகை பாதி காரணமாக இருக்கலாம். மீதிப் பாதி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆட் விங்கர்ஹூட்ஸ் என்பவர் பல ஆண்டுகளாக அழுகையை ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணீர் வழியும் முகத்தைப் பார்த்தவர்கள் “பாசமான ஆள்” என்று கூடுதல் மதிப்பெண் போட்டார்கள்; “கெட்டிக்கார ஆள்” என்பதில் குறைத்துப் போட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் முதல் பாதி உறுதியாகவே நிற்கிறது. திறமை பற்றிய பாதி எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி வரவில்லை, இடத்தைப் பொறுத்து மாறுகிறது. உங்களுக்கு முக்கியமானது அந்த இடம்தான்.

வேலையிடத்தில் அழும் பெண்களைப் பார்ப்பவர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று கிம்பர்லி எல்ஸ்பாக், பெத் பெக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-ல் எழுதினார்கள். வீட்டில் ஒரு சாவு, உறவில் முறிவு என்று சொந்தக் காரணத்துக்காக அழுதால் பெரும்பாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. வேலையைப் பற்றிய விமர்சனத்தைக் கேட்டு அழுதாலோ, பலர் கூடிய மீட்டிங்கில் அழுதாலோதான் “இவருக்குப் பக்குவம் போதாது” என்ற முத்திரை விழுகிறது. நீங்கள் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்.

ஆனாலும் கண்ணீருக்கு என்ன பெயர் வைப்பது என்பது உங்கள் கையில் இருந்தது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், வேலையிடத்தில் உடைந்துபோனவர் அதற்குச் சொன்ன காரணத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். “நான் உணர்ச்சிவசப்படுகிறவள்” என்று சொன்னவரைவிட, “இந்த வேலைமேல் எனக்கு அவ்வளவு பற்று” என்று சொன்னவரைத் திறமையானவராகப் பார்த்தார்கள். அழுகை அதேதான், பெயர்ப்பலகைதான் வேறு. நீங்கள் மாட்டியது “எமோஷனல் டைப்” என்ற பலகையை. “டைப்” என்றாலே நாளையும் மறுநாளும் இப்படித்தான் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

இனி இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியது இது. தொண்டை அடைக்கத் தொடங்கியதுமே பேச்சை நிறுத்துங்கள். அடைத்த தொண்டையோடு பேச முயன்றால்தான் குரல் உடையும். ஒரு வாய் தண்ணீரை மெதுவாக விழுங்குங்கள். மூச்சை உள்ளே இழுக்கிற நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள். கண்ணுக்குள் சாதாரணமாக இருக்கிற ஈரம் சுமார் 7 மைக்ரோலிட்டர் (ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோலிட்டர்). இமைக்குள் அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் வரைதான் நிற்கும். அதற்கு மேல் வந்தால் கன்னத்தில் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகிற வரை, இமையின் மூக்கோரத் துளை வழியாகக் கண்ணீர் மூக்குக்குள் வடிந்துபோகும். அழும்போது மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். ஆகவே முகத்தைச் சற்று நிமிர்த்தி, கண்ணை இறுக்கி மூடாமல், மெதுவாகச் சிமிட்டுங்கள். இறுக்கி மூடினால் தேங்கியது மொத்தமும் ஒரே பிதுக்கில் வெளியே வரும்.

அதையும் மீறி வந்துவிட்டால், டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, “இந்த வேலைமேல எனக்கு அக்கறை அதிகம் சார், அதான். ரெண்டு நிமிஷம் கொடுங்க, விட்ட இடத்துலேர்ந்து பேசலாம்” என்று சொல்லுங்கள். சொன்னபடி இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து உட்காருங்கள். திரும்பி வருவதுதான் முக்கியம். மீட்டிங்கை அழுகையோடு முடித்துவிட்டால் மேலாளருக்கு அந்தக் கடைசிக் காட்சிதான் நினைவில் நிற்கும்.

இப்போதும் தாமதமாகிவிடவில்லை. “அன்னைக்கு நீங்க சொன்ன மூணு குறையில ரெண்டைச் சரிபண்ணிட்டேன், மூணாவதுக்கு உங்க யோசனை வேணும்” என்று பத்து நிமிடம் நேரம் கேட்டுப் போய்ப் பேசுங்கள். அழுததற்கு மறுபடி மன்னிப்புக் கேட்காதீர்கள்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மேலாளர்களுக்கும் ஒரு சொல். அழுகிறார் என்பதற்காகக் குறையை விழுங்கிவிட்டு “பரவாயில்லை, எல்லாம் சரியா இருக்கு” என்று அனுப்பாதீர்கள். அடுத்த வாய்ப்பைச் சத்தமில்லாமல் பறிப்பதைவிட முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது மரியாதை.

“சிரிக்கிற பெண்ணையும் அழுகிற ஆணையும் நம்பாதே” என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். இதில் ஏதாவது உண்மை உண்டா?
– வாசகர், பெரம்பலூர்

நம்பகத்துக்கும் இந்தப் பழமொழிக்கும் சம்பந்தமில்லை. யார் எதைச் செய்யலாம் என்று ஊர் போட்டுவைத்த சட்டம் அது. சட்டத்தை மீறுகிறவர் கண்ணில் உறுத்துகிறார்; உறுத்துகிறவரைச் சந்தேகப்படுகிறோம்.

ஆனால் ஆணின் கண்ணீருக்கு எப்போதும் நஷ்டம்தான் என்றும் சொல்ல முடியாது. 1991-ல் வந்த ஓர் ஆய்வில், சோகப் படம் பார்த்து அழுத ஆணை அழாத ஆணைவிட அதிகம் பேருக்குப் பிடித்திருந்தது; பெண் விஷயத்தில் இது தலைகீழ். 2007-ல் வந்த இன்னோர் ஆய்வு, எவ்வளவு அழுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்த்தது. தேம்பி அழுவதைவிட, கண்ணில் ஈரம் திரண்டு அதோடு நிற்பதற்குத்தான் மதிப்பு அதிகம், அதிலும் ஆணுக்கு. “உள்ளே இவ்வளவு இருக்கிறது, ஆனாலும் அடக்கி வைத்திருக்கிறார்” என்று பார்ப்பவர் படித்துக்கொள்கிறார். வேலையிடத்துக்கு வந்தால் காற்று திசை மாறிவிடும். 2013-ல் வந்த ஆய்வொன்றில், அங்கே அழுத ஆணைத்தான் அழுத பெண்ணைவிடத் திறமை குறைந்தவர் என்றார்கள். ‘பெண் என்றால் அழத்தானே செய்வாள்’ என்று அவளுக்குத் தள்ளுபடி; அவனுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது.

அரசியலில் இதற்கு நல்ல ஜோடி உதாரணம் இருக்கிறது. 1972 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்காகக் கட்சிக்குள் போட்டியிட்ட எட்மண்ட் மஸ்கி, தன் மனைவியைப் பற்றித் தரக்குறைவாக எழுதிய பத்திரிகை அலுவலகத்தின் வாசலில், கொட்டும் பனியில் நின்று பேசினார். அழுதார் என்று செய்தி போனது. கன்னத்தில் இருந்தது உருகிய பனி என்றார் அவர். எடுபடவில்லை, சரிவு தொடங்கிவிட்டது. அதே மாநிலத்தில் 2008 ஜனவரி 7 அன்று ஹிலாரி கிளிண்டன் ஒரு காபிக் கடையில் வாக்காளர் கேட்ட கேள்விக்குக் கண்கலங்கிக் குரல் தழுதழுத்தார். மறுநாள் அங்கே நடந்த கட்சி வேட்பாளர் தேர்தலில் வென்றார். கண்ணீரால்தான் வென்றார் என்று சொல்ல மாட்டோம். ‘இரும்பு மனுஷி’ என்று பெயரெடுத்தவர் கலங்கினால் ஒரு கணக்கு, ‘நிதானமானவர்’ என்று பெயரெடுத்தவர் கலங்கினால் வேறொரு கணக்கு.

மாமனார் இறந்தபோது எனக்குச் சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. மூன்று வருஷம் படுக்கையில் இருந்தவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புண் துடைத்தது நான். “மருமக மொகத்தப் பாரு, கல்லு மாதிரி” என்று பந்தலிலேயே பேசினார்கள். என்னிடம் ஏதும் கோளாறா?
– வாசகி, மன்னார்குடி

கோளாறு ஒன்றுமில்லை. மூன்று வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவருக்குப் பாதி துக்கம் முன்னாலேயே கழிந்திருக்கும். சாவு அன்றைக்கு உடம்பில் மிச்சமிருப்பது அசதிதான்; அதோடு காப்பி போட்டீர்களா, பாய் விரித்தீர்களா என்ற நூறு வேலை வேறு. வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தவருக்குத்தான் வாசலில் கால் வைத்ததும் பொங்கிக்கொண்டு வரும். இன்னொன்றும் உண்டு: மன அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அழ வேண்டும்போல இருந்தும் அழுகை வராது. நீங்கள் அப்படி ஏதாவது சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நம் ஊர்த் துக்க வீட்டில் அழுகை உள்ளத்தின் காரியம் மட்டுமில்லை, முறையும்கூட. வந்தவர் தோளில் கைபோட்டுக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், ஒப்பாரியில் ஒரு வரியாவது எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த முறையைச் செய்யாதவர் மனத்திலும் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கண்ணீர் இருந்தால் துக்கம் இருக்கலாம் என்பது சரி. அதைத் திருப்பிப் போட்டு, கண்ணீர் இல்லையென்றால் துக்கமே இல்லை என்பதுதான் தப்பு.

அந்தத் தப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 1980 ஆகஸ்ட் 17 இரவு, உலுரு பாறை அருகே முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லினின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியாவைக் கூடாரத்திலிருந்து டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிக்கொண்டு போனது. தொலைக்காட்சியில் பேசிய தாய் கதறவில்லை. நிதானமாக நடந்ததை விவரித்தார். “பெற்றவள் இப்படியா இருப்பாள்?” என்று நாடே பேசியது. 1982-ல் கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. அதற்கு வேறு சாட்சியங்களும் காட்டப்பட்டன. காரில் இருந்த ரத்தம் என்று காட்டியது, இரைச்சலைக் குறைக்க வண்டியில் பூசும் பூச்சு என்று பின்னால் தெரிந்தது. 1986-ல் குழந்தையின் மேல்சட்டை டிங்கோ குகைகள் இருக்கும் பகுதியில் கிடைத்ததும் அவர் விடுதலையானார். 1988-ல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி இறுதியாக எழுதியது 2012-ல்.

பந்தலில் பேசியவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லப் போக வேண்டாம். உங்கள் கணவர் ஒருமுறை, நாலு பேர் காதில் விழும்படி, “அப்பாவ மூணு வருஷம் பாத்தது இவதான்” என்று சொன்னால் போதும். அழுத கண்ணுக்குக் கிடைக்கிற மரியாதை அந்த ஒரு வாக்கியத்துக்கும் கிடைக்கும். கருமாதி முடிந்து, வீடு காலியாகி, அவர் கட்டிலைப் பார்க்கும்போது அழுகை வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நிஜ அழுகை எது, நீலிக் கண்ணீர் எது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், திருவள்ளூர்

நீலி அழுததே உங்கள் மாவட்டத்தில்தான், திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூரில்! பழிவாங்க வந்த பேயான அவள், கையில் குழந்தையோடு வந்து, ஒரு வணிகனைக் காட்டி “இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்” என்று சபையில் அழுதாள். எழுபது வேளாளர்கள் நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரே பிணை என்று வாக்குக் கொடுத்தார்கள், வணிகன் உயிர் போனது, கொடுத்த வாக்குக்காக அவர்களும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. வழக்குத் தீர்க்க உட்கார்ந்தவர்களே ஏமாந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். திருக்குறளும் இரண்டு பக்கமும் பேசுகிறது: அன்புடையவரின் கண்ணீர் அன்பைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று 71-ம் குறள், பகைவர் கூப்பிய கைக்குள் ஆயுதம் இருப்பதைப்போல அவர் கண்ணீருக்குள்ளும் இருக்கும் என்று 828-ம் குறள்.

முகத்தில் தடயம் உண்டு. உண்மையான துயரத்தில் இரண்டு புருவங்களின் உள்முனை மட்டும் மேலே ஏறி நடுவில் நெருங்கும். நெற்றியின் நடுவில் மட்டும் சுருக்கம் விழும். கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள், பெரும்பாலோருக்கு வேண்டுமென்றே செய்ய வராது. முழுப் புருவமும் சேர்ந்து ஏறிவிடும், அது ஆச்சரியப்பட்ட முகமாகிவிடும். காணாமல்போன உறவினரைத் திருப்பித் தரும்படி தொலைக்காட்சியில் கெஞ்சிய 78 பேரின் பதிவுகளைக் கனடாவில் லியான் டென் பிரிங்க்கும் ஸ்டீபன் போர்ட்டரும் ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 35 பேர் கொலையைச் செய்துவிட்டு வந்து கெஞ்சியவர்கள். அவர்கள் முகத்தின் மேல்பாதியில் சோகத்துக்குப் பதில் அந்த ஆச்சரியமும், கீழ்பாதியில் சிரிப்பின் சாயலும் தலைகாட்டின. பேசிய சொற்களும் குறைவு.

ஆனால் அது படச்சுருளை நிறுத்தி நிறுத்தி, தசை தசையாகப் பார்த்துக் கண்டது. எதிரில் உட்கார்ந்து பார்க்கும் சாதாரண ஆள் பொய்யைக் கண்டுபிடிக்கிற விகிதம், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். ஆகவே அழுகையைப் பரிசோதிப்பதை விட்டுவிட்டுச் சொல்கிற விஷயத்தைப் பரிசோதியுங்கள். கடன் கேட்டு அழுகிறவரிடம், “எந்த பேங்க், எவ்வளவு பாக்கி, கடைசித் தேதி என்ன, நோட்டீஸ் காட்டுங்க” என்று அமைதியாகக் கேளுங்கள். அழுகை நிஜமாகவும் கணக்கு பொய்யாகவும் இருக்கலாம்; இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம்.

சண்டையில் நான் அழுதால் என் கணவருக்கு இரக்கம் வருவதற்குப் பதில் கோபம்தான் வருகிறது. “ஆரம்பிச்சிட்டியா” என்கிறார். ஏன்?
– வாசகி, சேலம்

41 நாடுகளில் சுமார் 7,000 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணீரைப் பார்த்தவர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் கூடியது. ஆனால் அங்கே பார்த்தவர்கள் மூன்றாம் மனிதர்கள். அழவைத்ததே நான்தான் என்றால் அதே கண்ணீர் “நீதான் குற்றவாளி” என்று சுட்டும் விரலாகிவிடுகிறது. உங்கள் கணவர் சீறுவது அந்த விரலைப் பார்த்து. அவர் சீறுவது சரி என்று சொல்லவில்லை.

சண்டையில்லாத ஒரு நாளில் பேசி வையுங்கள்: “எனக்குக் கோபம் வந்தாலும் கண்ணுலதான் தண்ணி வருது. உங்களை மடக்க அழல. நான் அழுதா இருபது நிமிஷம் நிறுத்திட்டு அப்புறம் பேசலாம்.” இருபது நிமிடத்துக்கும் காரணம் உண்டு. சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலையை அளந்த 2015 ஆய்வு ஒன்றில், அழுத உடனே மனம் முன்பைவிட மோசமாக இருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடத்தில் முன்பைவிடத் தெளிந்திருந்தது. அழுத சூட்டில் “அம்மா வீட்டுக்குப் போறேன்” என்று பெட்டி கட்டாதீர்கள். இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான்; அவர் அதைச் சாக்காக வைத்து மறுநாள் வரை பேசாமல் இருந்தால் உடன்பாடு முறிந்ததாக அர்த்தம். அழக்கூடப் பயப்படும் அளவுக்கு மிரட்டலோ கைநீட்டலோ இருந்தால் இந்த யோசனை எதுவும் பொருந்தாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

பெண்களின் கண்ணீரை முகர்ந்தால் ஆண்களின் கோபம் குறையும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– வாசகர், தூத்துக்குடி

இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வு, 2023. மணமே இல்லாத அந்தக் கண்ணீரை முகர்ந்த ஆண்கள், ஒரு கணினி விளையாட்டில் எதிராளியைப் பழிவாங்குவது 43.7 சதவீதம் குறைந்தது. உப்புநீரை முகர்ந்தபோது குறையவில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்த சோதனைக்கூடக் கணக்கு இது, வீட்டுக் கூடத்தில் நடக்கும் சண்டைக்குப் பொருந்தாது. சேலத்து வாசகியின் கணவரைப் பார்த்தீர்கள் அல்லவா?

பேரனுக்கு ஐந்து வாரம். வீடு அதிரக் கத்துகிறான், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “சும்மா நடிக்கிறான்” என்கிறார் மருமகன்.
– வாசகி, யாழ்ப்பாணம்

மருமகனிடம் சொல்லுங்கள், இந்த வயதில் நடிக்கத் தெரியாது. பிறந்த குழந்தையின் கண்ணீர்ச் சுரப்பி கண்ணை நனைக்கிற அளவுக்குத்தான் சுரக்கும். வழிகிற கண்ணீர் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் வரும். சார்லஸ் டார்வின் 1872-ல் இதை எழுதியிருக்கிறார்: அவருடைய 77 நாள் குழந்தையின் கண்ணில் தற்செயலாகக் கோட்டின் கைநுனி பட்டதும் அந்தக் கண்ணில் நீர் கொட்டியது, மற்றக் கண் லேசாக ஈரமானதோடு சரி.

கைக்குழந்தைக்குக் கண்ணீர் தேவையும் இல்லை, குரல் போதும். அடுத்த அறையில் இருப்பவரையும் கூப்பிடுவது குரல். கண்ணீர் எதிரில் இருப்பவருக்கு மட்டுமான சைகை. அந்தச் சைகையின் வலுவை அமெரிக்காவின் ராபர்ட் புரோவைன் குழுவினர் 2009-ல் காட்டினார்கள். அழும் முகங்களின் படங்களில் கண்ணீரை மட்டும் கணினியில் அழித்தார்கள். சுருங்கிய புருவமும் கோணிய வாயும் அப்படியே இருந்தும், பார்த்தவர்களுக்குச் சோகம் குறைவாகத் தெரிந்தது. சில படங்களில் அது சோகம்தானா, குழப்பமா, வியப்பா என்றே தடுமாறினார்கள். உங்கள் மருமகனும் அதைத்தான் செய்கிறார்.

ஒரு கண்ணில் மட்டும் எப்போதும் நீர் வடிந்து பீளை கட்டினால் கண்ணீர்க் குழாய் அடைப்பாக இருக்கலாம், காட்டுங்கள். சில மாதம் கழித்து, கண்ணீரோடு அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரெனக் கண்ணீரில்லாமல் அழுது, சிறுநீரும் குறைந்து, வாயும் உலர்ந்திருந்தால் அது நீரிழப்பு. அன்றே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் மதிப்பெண் வாசிக்கும்போது அழுதுவிட்டான். இப்போது பையன்கள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்?
– ஆசிரியர், தர்மபுரி

அவனைப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். வகுப்பில் ஒருவன் அழுதால் மற்ற நாற்பது பேரும் முதலில் பார்ப்பது ஆசிரியர் முகத்தைத்தான். “என்னடா, பொம்பளப் புள்ள மாதிரி” என்றாலும், “அச்சச்சோ, ஏன்பா அழற?” என்றாலும் விளைவு ஒன்றே, இது ஒரு சம்பவம் என்று அறிவித்துவிடுகிறீர்கள். மற்றவர்களைப் பத்து நிமிடத்துக்கு எழுதும் வேலையில் இறக்குங்கள். அவனிடம் குரலை மாற்றாமல், “ஆபீஸ் ரூம்ல இருந்து வருகைப் பதிவேடு எடுத்துட்டு வா” என்று அனுப்புங்கள். போகிற வழியில் குழாய் இருக்கிறது, முகம் கழுவிக்கொள்வான். துணைக்கு ஆள் அனுப்பாதீர்கள். திரும்பி வந்ததும் பதிவேட்டை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல ஒரு சுலபமான கேள்வி கேளுங்கள். விசாரிப்பது மாலையில், தனியாக.

பட்டப்பெயருக்கு இப்போது செய்யக்கூடியது: வைத்தவர்களைக் கூட்டத்தில் திட்டாமல், ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை உரக்க வாசிப்பதையும் நிறுத்திவிட்டு, விடைத்தாளை மடித்துக் கையில் கொடுங்கள்.